"ஃபோர் வீல் இருக்கிறவங்க உடனே வாங்க" என்று கேட்பதற்கு முன்



பதிவு கொஞ்சம் நீளம். மழைக்காலம் ஆரம்பிச்சிருச்சு, அதனால நேரம் எடுத்துப் படிங்க. வீட்டில் ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், நவாரா, டி-மேக்ஸ் என்று ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் அவங்களையும் படிக்கச் சொல்லுங்க.

ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் வந்ததும் ஆலய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி செய்தி வரும். "அவசரம். இந்தத் தாமான்ல பெரியவங்க மாட்டிக்கிட்டாங்க. தண்ணி இடுப்பளவு. ஃபோர் வீல் இருக்கிறவங்க உடனே வாங்க." யார் முதலில் எழுதியது, எத்தனை மணிக்கு எழுதியது, தண்ணி நிக்குதா ஓடுதா, எதுவும் அதில் இருக்காது. பத்து நிமிஷத்தில் நாலு தம்பிங்க "கிளம்பிட்டேன்" என்று போட்டுடுவாங்க. அதுக்குக் கீழே வரிசையா கைகூப்பும் படம். "சிங்கம்டா", "கடவுள் துணை இருப்பார்" என்று பாராட்டு. வண்டியோட முன்பக்கம் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு போற வீடியோ அன்னிக்கு ராத்திரி எல்லார் போனிலும் ஓடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். ஓடுகிற வெள்ளத்துக்குள் ஃபோர் வீலை இறக்கச் சொல்லி ஆலயத்தின் பெயரில் யாரும் அழைப்பு விடக்கூடாது. அப்படி இறங்கினவங்களைப் புகழ்ந்து வீடியோ பகிர்வதையும் நிறுத்தணும். தம்பிகளின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. சோறு தண்ணி இல்லாம விடிய விடிய மூட்டை தூக்குற பிள்ளைங்க அவங்க. அவங்க வீட்டுக்குத் திரும்பி வரணும் என்பதுக்காகத்தான் எழுதுறேன்.

ஃபோர் வீலைப் பற்றி நாம நம்புறது

நாலு சக்கரமும் இழுக்கும், உயரமான வண்டி, பெரிய டயர், கனமான உடம்பு. அதனால தண்ணியில போகும் என்று நம்புறோம். இதில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கணும்.

நாலு சக்கரமும் இழுப்பது சேற்றுக்கும் மணலுக்கும் மேட்டுக்கும் செய்தது. டயர் தரையை அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் அந்த இழுப்புக்கு வேலை. தண்ணி வண்டியைத் தூக்க ஆரம்பிச்சா டயருக்குப் பிடி குறையும். பிடி போன பிறகு ரெண்டு சக்கரம் சுத்தினாலும் நாலு சக்கரம் சுத்தினாலும் ஒண்ணுதான்.

"ரெண்டு டன் வண்டியைத் தண்ணி எப்படிங்க தூக்கும்?" என்று கேப்பாங்க. கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் தண்ணியின் எடை 1000 கிலோ. வண்டி எவ்வளவு தண்ணியை விலக்கிக்கிட்டு நிக்குதோ, அவ்வளவு எடை அதை மேலே தள்ளும். சுமார் ரெண்டு டன் எடையுள்ள பிக்கப் ரெண்டு கன மீட்டர் தண்ணியை விலக்கினால் போதும், மிதக்கும். கதவு, கண்ணாடி எல்லாம் மூடி, உள்ளே காற்று நிறைந்திருக்கும் வண்டி ஒரு பெரிய பெட்டி மாதிரி. ரெண்டு கன மீட்டர் விலக அதுக்கு ரொம்ப ஆழம் வேண்டாம். முழுசா மிதக்கிறதுக்கு முன்னாலேயே ஆபத்து ஆரம்பமாகிடும். பாதி எடையைத் தண்ணி தாங்கிட்டா, டயருக்கு மிச்சம் இருக்கிறது பாதிப் பிடிதான். அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து தண்ணி தள்ளினா வண்டி நழுவும். பெரிய டயர் போட்டிருந்தா அதுவும் காற்று நிறைந்த பொருள்தான், அதுவும் மேலே தூக்கத்தான் பார்க்கும்.

இதை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து நீர் ஆய்வுக்கூடத்தில் நிஜ வண்டிகளைத் தண்ணித் தொட்டியில் நிறுத்திச் சோதனை செய்தாங்க. 2017-இல் முடிவு வெளிவந்தது. சுமார் ஒரு டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ் கார், 15 சென்டிமீட்டர் ஆழத் தண்ணியிலேயே நகர ஆரம்பித்தது. தண்ணியின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம சாதாரணமா நடக்கிற வேகத்தைவிடக் கம்மி. அடுத்து 2.5 டன் நிசான் பேட்ரோல், முழு ஃபோர் வீல் வண்டி. அதே மாதிரி வேகத்தில் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் அது நிலை தடுமாறியது. 95 சென்டிமீட்டரில் மிதந்தது. அந்த 2.5 டன் வண்டியைக் கையால் தள்ளி நகர்த்த முடிந்தது.

45 சென்டிமீட்டர் என்றால் பெரிய ஆளுக்கு முழங்கால் அளவு. நம்ம குழுவில் வரும் செய்தியோ "தண்ணி இடுப்பளவு" என்று சொல்லுது. இடுப்பளவு தண்ணி ஓடிக்கிட்டிருந்தால் அது ஃபோர் வீலுக்கான இடமே இல்லை. படகுக்கான இடம்.

ஓட்டம் இன்னொரு விஷயம். தண்ணியின் வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். அதனால்தான் நேற்று போக முடிந்த அதே ரோட்டில், அதே ஆழத்தில், இன்று வண்டி இழுத்துக்கிட்டுப் போகும். ஆழத்தைக் கம்பு வைத்து அளந்துவிடலாம். ஓட்டத்தின் பலத்தைக் கரையில் நின்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

கம்பெனி சொன்ன கணக்கும் ஸ்நார்க்கலும்

"என் வண்டி 800 மில்லிமீட்டர் வரைக்கும் போகும், கம்பெனியே சொல்லியிருக்கு" என்று தம்பிங்க காட்டுவாங்க. உண்மைதான். புது ஃபோர்டு ரேஞ்சருக்கு 800, ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர் என்று கணக்கு உண்டு. ஆனா அது நிற்கிற தண்ணியை, அடியில் உறுதியான தரை இருக்க, மெதுவாக் கடப்பதற்கான கணக்கு. பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வரும் ஆற்று வெள்ளத்துக்கு அந்த எண்ணை வைத்துப் பேச முடியாது.

ஸ்நார்க்கல் போட்ட தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஸ்நார்க்கல் இன்ஜின் காற்று இழுக்கும் வாயை உயரத்துக்குக் கொண்டு போகுது, அவ்வளவுதான். வண்டியின் எடையை அது ஒரு கிலோகூடக் கூட்டாது. இன்ஜின் அணையாம ஓடிக்கிட்டே இருக்கும்போதே வண்டி மிதந்து போய் லொங்காங்கில் விழலாம்.

ஸ்நார்க்கல் இல்லாத வண்டிக்கு இன்னொரு சிக்கல். வேகமாப் போனால் முன்னாடி அலை எழும்பி, காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணி ஏறும். காற்றை இன்ஜின் அமுக்கும், தண்ணியை அமுக்க முடியாது. உள்ளே கனெக்டிங் ராட் வளைஞ்சிடும், இல்லே உடைஞ்சிடும். அந்த நொடியே வண்டி நின்னுடும், அதுவும் வெள்ளத்தின் நடுவில். இன்ஜின் தப்பிச்சாலும் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாம் தண்ணி குடிச்சிருக்கும். சூடா இருக்கிற டிஃபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்த தண்ணியில் இறங்கும்போது உள்காற்று சுருங்கி வெளித் தண்ணியை இழுக்கும். ரெண்டு மாசம் கழிச்சு பேரிங் சத்தம் போடும்போதுதான் தெரியும்.

காப்புறுதியையும் பார்த்துக்கோங்க. நம் நாட்டில் முழுக் காப்புறுதி எடுத்தாலே வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேர்ந்துவிடாது. ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்கணும். வண்டிக் கடனை இன்னும் ஏழு வருஷம் கட்டப் போற தம்பி, அதைச் சேர்த்தானா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் இறங்குறான். வண்டி போனால் கடன் போகாதுங்க.

இதோடு, வண்டி எழுப்பும் அலை பக்கத்து வீடுகளுக்குள் போகுது. வாசலில் மணல் மூட்டை அடுக்கி, தண்ணி படி ஏறாமல் தடுத்து வைத்திருப்பாங்க. நம்ம வண்டி வேகமாகப் போற ஒரு தடவையில் அந்த அலை மூட்டையைத் தாண்டி உள்ளே இறங்கும். உதவி செய்யப் போனவங்க மேலேயே அந்த வீட்டுக்காரம்மா கோபப்படுவதில் நியாயம் இருக்கு.

தண்ணிக்கு அடியில் இருப்பது

பழுப்புத் தண்ணி மேலே பார்க்க ஒரே சமமா இருக்கும். அடியில் ரோடு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நம்ம தாமான்களில் ரோட்டை ஒட்டியே திறந்த லொங்காங். பெரிய மழைநீர்க் கால்வாய்கள் ஆளை முழுசா விழுங்குற ஆழம். வெள்ளத்தில் அந்த ஓரம் எங்கே என்று தெரியாது. ஒரு அடி தள்ளி ஓட்டினால் பக்கத்துச் சக்கரம் உள்ளே இறங்கி வண்டி சாஞ்சிடும். மேன்ஹோல் மூடியைத் தண்ணியின் அழுத்தம் தூக்கி எறிந்திருக்கும். சின்னப் பாலத்துக்குக் கீழே மண் அரிச்சுப் போயிருக்கும். மேலே தார் மட்டும் தகடு மாதிரி நிக்கும். நடந்து போற ஆளைத் தாங்கும், ரெண்டு டன் வண்டி ஏறினால் உள்ளே போயிடும்.

மலையோரத்தில் இன்னும் மோசம். 2022 ஜூலை 4-ஆம் தேதி கெடா, பாலிங் வட்டாரத்தில் குப்பாங் கிராமங்களுக்கு வந்த வெள்ளத்தைப் படத்தில் பார்த்திருப்பீங்க. தண்ணியோடு சேறும் முழு முழு மரங்களும் வந்து வீடுகளை அடிச்சிட்டுப் போச்சு. மரக்கட்டை மிதந்து வந்து வண்டியின் பக்கவாட்டில் மோதினால் அது எந்த மாடல் என்று பார்க்காது.

அடுத்து இருட்டு. இது நம்ம பக்தர்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டியது. வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில்தான் மார்கழி வருது. திருவெம்பாவை, திருப்பாவை பாட விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கே கிளம்பி வர்றோம். வீட்டில் பெரியவங்களும் பிள்ளைகளும் வண்டியில். இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் தண்ணியின் ஆழமும் தெரியாது, அது ஓடுதா என்றும் தெரியாது. ஈர ரோடும் ரெண்டு அடித் தண்ணியும் ஒரே மாதிரி மின்னும். "ஃபோர் வீல்தானே, மெதுவாப் போயிடலாம்" என்று நினைக்கத் தோணும். ஒரு நாள் பூஜை தவறினால் சாமி கோவிச்சுக்க மாட்டார். அன்னிக்கு வீட்டுப் பூஜை அறையில் விளக்கேத்திப் பாடுங்க.

"ஸ்ரீ மூடாவில் ஃபோர் வீல்தானே காப்பாத்துச்சு?"

இந்தக் கேள்வி வரும், வரவும் வேணும். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை, மார்கழி மூணு. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் உட்கார்ந்து உதவிக்குக் காத்திருந்தாங்க. அரசாங்க உதவி வந்து சேர நேரம் எடுத்தது என்பது நாடே பேசிய விஷயம். அந்த மாத வெள்ளங்களில் நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போச்சு. பொதுமக்கள்தான் படகு, காயாக், ஃபோர் வீல், லோரி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கிட்டு வந்தாங்க. இனம், மதம் யாரும் பார்க்கலை. அதை யாரும் குறைச்சுப் பேச முடியாது. "பொம்பா வரட்டும், நீ சும்மா இரு" என்று மாடியில் தவிக்கிற குடும்பத்தின் சொந்தக்காரங்களிடம் சொல்லவும் முடியாது.

ஆனால் அன்று எது என்ன வேலை செய்தது என்று கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தண்ணி ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்கு நின்ற சந்துகளில் ஆட்களை வெளியே கொண்டு வந்தது படகுகள். ஃபோர் வீலும் லோரியும் அந்தப் படகைத் தண்ணியின் ஓரம் வரை இழுத்து வந்தன. வெளியே வந்தவங்களை நிவாரண மையத்துக்கு ஏற்றிப் போயின. சாப்பாடு, பால் மாவு, பாம்பர்ஸ், மருந்து எல்லாம் கொண்டு போயின. ஆழம் கம்மியா, தண்ணி நின்னுக்கிட்டிருந்த ரோடுகளில் மட்டும் உள்ளே போய் வர முடிந்தது. ஃபோர் வீலின் உண்மையான பலம் அங்கேதான். 2014 டிசம்பரில் கிளந்தானில் வெள்ளம் வடிந்த பிறகு குவாலா கிராய், மானேக் ஊராய் பக்கம் சேறும் உடைந்த ரோடுமாகக் கிடந்த கிராமங்களுக்குப் பொருள் கொண்டு போனதும் இந்த வண்டிகள்தான். சாதாரணக் கார் அங்கே ஒரு அடி நகராது.

அதனால ஃபோர் வீல் வேண்டாம் என்று நான் சொல்லலை. அது நிற்க வேண்டிய இடம் தண்ணியின் ஓரம் என்று சொல்றேன்.

இன்னொன்றையும் யோசிக்கணும். உள்ளே போன ஃபோர் வீல் நின்னு போச்சு என்று வைங்க. அந்தத் தம்பியைக் காப்பாத்த ஒரு படகு திரும்பணும். அந்தப் படகு யாரிடம் போய்க்கிட்டிருந்தது? டயாலிசிஸ் போக வேண்டிய ஒரு ஐயாவிடம் போய்க்கிட்டிருக்கலாம், கைக்குழந்தையோட கூரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தங்கச்சியிடம் போய்க்கிட்டிருக்கலாம். உதவிக்குப் போனவர் உதவி கேட்பவராக ஆகிடறார். வரிசையில் ஒரு தலை கூடுது, மீட்கிற கை ஒண்ணு குறையுது.

பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏறுகிறவங்களை நினைச்சுத்தான் எனக்கு அதிகப் பயம். ஓட்டுகிற தம்பிக்காவது பெல்ட் இருக்கு, நீச்சல் தெரியலாம். பின்னாடி நின்னுக்கிட்டு வர்ற பாட்டிக்கு என்ன இருக்கு? மாடியில் பசியோட இருந்தாலும் அவங்க உயிரோட இருந்தாங்க. அங்கேயிருந்து இறக்கி, பிடிக்க ஒரு கம்பிகூட இல்லாத பிக்கப்பில் ஏற்றி, ஓடுகிற தண்ணிக்குள் கொண்டு போவது அவங்களைப் பாதுகாப்பிலிருந்து ஆபத்துக்கு மாற்றுவதாகக்கூட முடியலாம். அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பாதிக்கு மேல் வண்டியை வெள்ளத்துக்குள் ஓட்டிப் போனதால் இறப்பவர்கள் என்பது அங்குள்ள சுகாதாரத் துறையின் கணக்கு. அந்த ஊர் பிக்கப்புகள் நம்ம வண்டிகளைவிடப் பெரியவை.

"சாமி காரியம், சாமி பார்த்துக்குவார்"

பக்தர்கள் மனசில் இதுதான் கடைசிப் பதிலாக இருக்கும். எனக்கும் சாமி மேல் நம்பிக்கை இருக்கிறதால்தான் இந்த வேலைக்கே வர்றேன். ஆனா நம்ம பெரியவங்க சொல்லிக் கொடுத்த கதைகளையே எடுத்துப் பாருங்க.

அப்பர் பெருமானைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டாங்க, கல்லே தெப்பமாகிக் கரை சேர்ந்தார். கட்டிப் போட்டது பல்லவ மன்னனின் ஆட்கள். சாமி காப்பாற்றுகிறாரா பார்ப்போம் என்று அவர் தானாகக் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கவில்லை. வந்த துன்பத்தில் இறைவனை நம்புவது பக்தி. நாமே துன்பத்தைத் தேடிப் போய் இறைவனைச் சோதிப்பதுக்குப் பெயர் வேற.

வைகையில் வெள்ளம் வந்த கதையும் நமக்குத் தெரியும். பிட்டுக்கு மண் சுமந்தது. மதுரையில் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுத்தாங்க. வந்தியம்மைக்கு ஆள் இல்லை. அவங்க பங்கை அடைக்கச் சிவபெருமானே கூலியாளாக வந்தார். அந்தக் கதையில் யாரும் வைகைக்குள் இறங்கி வீரம் காட்டவில்லை. ஆளுக்கு ஒரு பங்கு வேலை, அது கரையில் நடக்கிற வேலை. சாமியே வந்தபோதும் மண் சுமக்கத்தான் வந்தார். வெள்ள நேரத்தில் தொண்டு எப்படி இருக்கணும் என்பதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியலை.

2021 வெள்ளத்தில் பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் ஆயிரக்கணக்கில் உணவுப் பொட்டலம் கட்டினாங்க. வெங்காயம் உரிச்சவங்க படம் எந்தப் போனிலும் பெரிசா ஓடியிருக்காது. அந்தச் சாப்பாட்டைத் தின்னவங்களுக்குத் தெரியும் அதன் அருமை.

நம்ம ஆலயத்தில் என்ன செய்யலாம்

அடுத்த தொண்டர் கூட்டத்தில் இதை முன்வைக்கிறேன். பக்தர்கள் நீங்களும் ஆதரவு கொடுங்க.

1. அழைப்புச் செய்தியில் ஐந்து விவரம் இல்லாமல் யாரும் பகிரக்கூடாது: இடம், நேரம், எத்தனை பேர், தண்ணி நிற்கிறதா ஓடுகிறதா, 999-க்குச் சொல்லியாச்சா. இவை இல்லாத செய்தி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் குழுவில் நிறுத்தி வைக்கணும்.

2. வண்டி வைத்திருப்பவங்க பெயரை இப்போதே எழுதி வைப்போம். வேலை கரையோரத்தில்: படகு இழுப்பது, நிவாரண மையத்துக்கு ஆள் ஏற்றுவது, பொருள் கொண்டு போவது, வெள்ளம் வடிந்த பிறகு சேற்று ரோட்டில் வீடு கழுவப் போவது. ஜெனரேட்டரும் பம்பும் தூக்க ஃபோர் வீலைவிட நல்ல வண்டி கிடையாது.

3. ஓடுகிற தண்ணி என்றால் எந்த வண்டியும் இறங்காது. ஆழம் எவ்வளவு என்று பேச்சே வேண்டாம். நிற்கிற தண்ணியாக இருந்தாலும் ரோட்டின் ஓரம் கண்ணுக்குத் தெரியணும், பகலாக இருக்கணும், எதிர்ப் பக்கம் போய் வந்த ஆளிடம் கேட்டிருக்கணும். இதில் ஒன்று இல்லையென்றாலும் திரும்பிடணும்.

4. முடிவு எடுப்பது ஓட்டுகிறவர் மட்டும் இல்லை. கரையில் ஒரு மூத்தவர் இருக்கணும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். தம்பிக்கு அப்போ மானப் பிரச்சனை வராது. "அண்ணன் விடலை" என்று சொல்லிட்டு இறங்கிடலாம்.

5. இந்த வருஷம் திருப்பணிக்கு வரும் நன்கொடையில் ஒரு பங்கை லைஃப் ஜாக்கெட், கயிறு, நல்ல டார்ச் லைட், சின்னப் படகு ஒன்று வாங்க ஒதுக்கணும். படகை ஓட்டப் பழகணும். பொம்பா, பொதுத் தற்காப்புப் படை இவங்ககிட்டப் போய்ப் பயிற்சி கேட்டு, வெள்ளத்துக்கு முன்னாலேயே அறிமுகமாகி வைக்கணும்.

6. மழை நாளில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஜேபிஎஸ் நடத்தும் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தைப் பாருங்க. ஆற்று மட்டம் நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நாலு நிலையாகப் போட்டிருக்கும். ஆலயத்துக்கு வரும் வழியில் உள்ள ஆறு அமாரானைத் தொட்டால் அன்று காலைப் பூஜைக்கு யாரும் வர வேண்டாம் என்று நிர்வாகமே அறிவிக்கணும். ஐயர் விளக்கேற்றி, போனில் நேரலை போட்டால் போதும்.

மாட்டிக்கிட்டால்

எவ்வளவு சொன்னாலும் மாட்டிக்கிற நேரம் வரலாம். அதனால இதையும் தெரிஞ்சுக்கோங்க.

தண்ணியில் வண்டி நின்னு போனா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. மழை நாளில் ஓட்டும்போது கதவு லாக்கை எடுத்து வையுங்க. வண்டி மிதக்கிறது தெரிஞ்சால் யோசிக்க நேரமில்லை. பெல்ட்டைக் கழற்றணும், கண்ணாடியை இறக்கணும், பிள்ளைகளை முதலில் வெளியே விட்டு நாமும் வரணும். பவர் விண்டோ முதல் சில நொடிகள் வேலை செய்யும். போன் பேசிக்கிட்டு அந்த நேரத்தை வீணாக்காதீங்க.

கதவைத் தள்ளித் திறக்கலாம் என்று நினைக்காதீங்க. ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே 60 சென்டிமீட்டர் தண்ணி ஏறியிருந்தால் சுமார் 180 கிலோ எடை அதை வெளியிலிருந்து அமுக்கும். கண்ணாடி இறங்கலேன்னா பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் கண்ணாடிச் சுத்தியலால் அடிக்கணும். முன் கண்ணாடியை அடிச்சுப் பயனில்லை, அது ரெண்டு அடுக்கு ஒட்டினது. சுத்தியல் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்க. பூட்டில் வைத்தால் ஒரு பயனும் இல்லை.

வண்டி இன்னும் தரையில் நிற்குது, சுற்றி தண்ணி வேகமாக ஓடுது என்றால், இறங்கி நடக்காதீங்க. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணியே பெரிய ஆளைச் சாய்ச்சுடும். உள்ளேயே இருந்து 999-க்கு அழையுங்க. உள்ளே தண்ணி ஏற ஆரம்பிச்சால் ஜன்னல் வழியா வெளியேறி கூரை மேல் ஏறுங்க.

கடைசியாக, ஃபோர் வீல் வைத்திருக்கும் தம்பிகளே, உங்க அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் இந்த ஆலயத்து பக்தர்கள்தான். உங்களைத் தண்ணிக்குள் அனுப்பிட்டு, அவங்க முகத்தை எப்படிப் பார்ப்பது? தண்ணியைப் பார்த்துத் திரும்பி வர்றவனை யாராவது கோழை என்று சொன்னால் என்னிடம் அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்.

அம்மாக்கள், அக்காமார்கள் இந்தப் பதிவை உங்க குடும்பக் குழுவில் போடுங்க. பெயர் கொடுக்க விரும்புகிற வண்டிக்காரர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அன்னதானக் கூடத்துக்கு வாங்க. நோட்டுப் புத்தகத்தோட அங்கே இருப்பேன். முதல் பக்கத்தில் எழுதப் போறது வண்டி நம்பர் இல்லை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும் என்று உங்க வீட்டு நம்பர்.

எல்லாரும் பத்திரமா இருங்க. சிவாயநம.